வீட்டுக் குப்பையும் வீட்டுக் கிணறும்

குப்பை என்னும் சொல்லை இக்காலத்தார் இகழ்ச்சிப் பொருளிலேயே வழங்குகின்றனர். வேண்டாதது, விலையற்றது, எறியத்தக்கது என்பனவே அச்சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழுவன. ஆயின் நம் குடாநாட்டு உழவர் வாயிலே அச்சொல் அவ்வாறு வழங்கவில்லை. ஆட்டுக் குப்பை, மாட்டுக் குப்பை என்று அவர் கூறும்பொழுது விலை கொடுத்து வாங்கும் பொருளையே குறித்தனர். தோட்டத்திற்கு எத்தனை வண்டி குப்பை போட்டீர் என்று ஒருவரையொருவர் கேட்பது நலம் விசாரிப்பதை ஒத்தது. எருவின் பெருமையைத் திருவள்ளுவரும் உழவு என்னும் அதிகாரத்திலே ஏரின் பெருமைக்கு மேலாக வைத்துப் பேசுகின்றார். இவ்வாறு செல்வத்தைக் குறித்து நின்ற ஒரு சொல் இரண்டொரு தலைமுறைக்குள் அருவருப்பைக் குறிப்பதாக மாறியது யாது காரணம் பற்றி? இதற்கு விடை அகராதியிற் கிடைப்பதன்று. வீட்டின் கோடிப்புறத்தைத் தோண்டினாற் கிடைப்பது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் வீட்டின் பின்வளவில் ஓர் அறை கட்டுவதற்காக அத்திவாரம் வெட்டினோம். பாட்டனார் காலந்தொட்டுக் குப்பைக் கிடங்காக இருந்து பின்னர் தூர்ந்துபோன இடம் அது. மண்வெட்டி இறங்கியபோது முதல் இரண்டடியும் மண்ணாக வரவில்லை. சொப்பிங் பைகள், பால்மாப் பக்கற்றுக்கள், யோகட் கோப்பைகள், பற்பசைக் குழாய்கள், கறல் பிடித்து வெடித்த பற்றரிகள் ஆகியன ஒன்றோடொன்று பின்னிப் பாளம் பாளமாக வந்தன. ஒரு பக்கற்றைக் கழுவிப் பார்த்தேன். அதன்மேல் இருந்த எழுத்துக்கள் மங்கவில்லை. பொறித்திருந்த ஆண்டு 1998. இப்படைக்குக் கீழே நான்கு விரற் கனத்தில் வெறுஞ் சாம்பலும் மண்ணுமான ஒரு படை. அதற்கும் கீழே கன்னங்கரிய மண். கையிற் பிடித்தாற் பொலபொலவென உதிரும் அம்மண்ணினுள் மட்பாண்ட ஓடுகளும் கரித்துண்டுகளும் ஒரு சோடாப் போத்தலின் கழுத்தும் தவிர வேறொன்றும் இல்லை. கரிய மண்ணை அள்ளிச்சென்று வாழையடியில் இட்டோம். மேற்படையை என் செய்வதென்று அறியாது சாக்குகளில் நிரப்பி வைத்தோம்.

நடுவே கிடந்த சாம்பற்படை எக்காலத்தது என்பதை எனக்கு எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாட்டில் மின்சாரமில்லை. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் பற்றரியும் கிடைத்தற்கரியனவாயின. அப்பொழுது நான் சிறுவன். ஜாம் போத்தலினுள்ளே பஞ்சை வைத்து, சிறிதளவு எண்ணெயில் அதை நனைத்து, மெல்லிய திரியொன்றிட்டு எரித்த விளக்கின் முன்னிருந்தே பாடம் படித்தோம். சோர்ந்த பற்றரியை வெயிலிற் காயவைத்து மீண்டும் வானொலிக்கு இட்டோம். செய்தித்தாள் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாள்களும் உண்டு. பொலித்தீன் பை ஒன்று கைக்கு வந்தால் என் தாயார் அதைக் கழுவிக் கொடியிற் போடுவார். எறிவதற்கு யாதுமில்லாமையாற் கிடங்கிற்குச் சாம்பலே சென்றது. வறுமையை மெச்சுவதற்காக இதனைக் கூறினேனல்லேன். அக்காலம் மீள வேண்டுமென்று யார்தான் விரும்புவர்? ஒரே ஜாம் போத்தல் ஒரு காலத்திலே விளக்காகவும் வேறொரு காலத்திலே குப்பையாகவும் ஆயிற்று என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

அத்திவாரம் இன்னும் ஓரடி இறங்கியதும் கல் தென்பட்டது. கல்லின் நடுவே விரல் நுழையத்தக்க ஒரு வெடிப்பு. மேசன் ஒரு வாளி தண்ணீரை அதிலே ஊற்றினார். பத்து எண்ணுமுன் நீர் மறைந்தது. நல்ல இடம், மாரிக்கு வெள்ளம் நிற்காது என்று அவர் மகிழ்ந்தார். எங்கள் கிணறு அவ்விடத்திலிருந்து இருபது முழத் தூரத்தில் இருக்கின்றது. மேசன் ஊற்றிய அந்த வாளித் தண்ணீரே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

குடாநாட்டின் அடியிலே கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். பண்டைக் கடலடியிற் படிந்த உயிரினங்களின் ஓடுகளும் சேறும் இறுகி ஆயது அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகிச் சுண்ணக்கல்லை அரிக்கும் என்பதை விஞ்ஞானம் கற்கும் கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். நெடுங்காலம் இவ்வாறு அரிக்கப்பட்டமையால் நம் நிலத்தடி வெடிப்பும் பொந்தும் குகையுமாக இருக்கின்றது. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு இவ்வியல்பைக் கண்ணாரக் காட்டும். அதன் மேல்நீர் நன்னீர். ஆழத்து நீர் உவர்நீர். குடாநாட்டின் நிலைமையும் ஏறக்குறைய இதுவே. பெய்த மழைநீர் கல்லினூடே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. வற்றாத ஆறு ஒன்றேனும் நமக்கில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்திற்கு இறைப்பதும் பெரும்பாலும் இவ்வில்லையிலிருந்தே.

மணற்பாங்கான நிலத்தில் அழுக்குநீர் மெல்ல வடிந்து ஓரளவு தூய்மை அடையும். வெடித்த சுண்ணக்கல்லில் அவ்வடிப்பு மிகக் குறைவு. கிடங்கில் ஊறியது கிணற்றிலும் ஊறும். சுன்னாகம் மின்னிலையச் சூழலிலே நிலத்தில் எண்ணெய் கலந்து கிணறுகள் கெட்டமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் நாடறிந்த செய்தியாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் ஈடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. அந்த எண்ணெயைப் பற்றி உரத்துப் பேசிய நாம் நம் கோடிப்புறக் கிடங்குகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு கிடங்கும் சிறியதுதான்; ஆயின் வளவுக்கு ஒன்றல்லவா?

இனி, குப்பைக் கூடையில் இடத்தக்கது எது, இடத்தகாதது எது என்னும் வினாவிற்கு வருவோம். இதனை ஆராயும்பொழுது முதலில் மனங்கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. தனித்தனியே வைத்தால் மிஞ்சிய சோறு பசளையாகும். தாள் மீண்டும் தாளாகும். பற்றரியிலுள்ள நாகமும் பிறவும் உலோகமாகும். மூன்றையும் ஒரு பையில் இட்டு வாயைக் கட்டினால் நிகழ்வது வேறு. காற்றுப் புகாத இடத்திலே சோறு புளித்து அமிலநீர் சுரக்கும். அந்நீர் தாளை நனைத்துப் பயனற்றதாக்கும். பற்றரியின் உறையை அரித்து உலோகங்களைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். உக்குகின்ற பொருள் உக்காத பொருளைக் கெடுக்கின்றது. உக்காத பொருள் உக்குகின்ற பொருளைப் பசளையாக விடாது தடுக்கின்றது. ஆகவே குப்பை என்று நாம் அருவருப்பது பெரும்பாலும் கலப்பினால் விளைந்த ஒன்றே. பாட்டனார் காலத்துக் கிடங்கு கரிய மண்ணாக மாறியதற்கு அவருடைய அறிவு மட்டும் காரணமன்று. கலப்பதற்கு அவரிடம் பொலித்தீன் இருக்கவில்லை. இதனையும் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

பிரித்திடுதல் இன்று நேற்றுத் தோன்றிய கருத்தன்று. பாரிஸ் நகரை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் நிருவாகத் தலைவராயிருந்த யூஜீன் புபெல் என்பவர் 1883ஆம் ஆண்டிலே ஒரு கட்டளை பிறப்பித்தார். வீட்டுச் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் மூடியுள்ள கலங்களை வைத்தல் வேண்டும். அழுகும் பொருள்களுக்கு ஒன்று, தாளுக்கும் கந்தைக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் மட்பாண்டத்திற்கும் சிப்பியோட்டிற்கும் ஒன்று என மூன்றாகப் பிரித்தல் வேண்டும் என்பது அது. வீட்டுக்காரர் செலவை நொந்துகொண்டனர். தெருக்குப்பையைக் கிளறிக் கந்தையும் போத்தலும் பொறுக்கிப் பிழைத்தவர்களோ தம் பிழைப்பிற் கலம் விழுந்ததென்று கொதித்தனர். பிரெஞ்சு மொழியிற் குப்பைத்தொட்டிக்கு இன்றுவரை புபெல் என்றே பெயர். பெரும்பதவி வகித்த ஒருவருக்கு வாய்த்த நிலைபேறு விசித்திரமானதே.

நம் நாட்டிலே 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் கழிவகற்றலை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக வகுத்துள்ளன. மன்றம் சேகரித்த குப்பை மன்றத்தின் சொத்து என்றும் அச்சட்டங்கள் கூறும். சொத்து என்னும் சொல்லைச் சட்டம் எழுதியோர் பொருள் தெரிந்தே இட்டனர் போலும். அக்காலத்திற் குப்பை விலைபோகும் பொருளாகவே இருந்தது. 1949ஆம் ஆண்டில் மாநகரமாக உயர்ந்த யாழ்ப்பாணத்தின் கழிவு பல்லாண்டுகளாகக் கல்லுண்டாய் வெளியிற் கொட்டப்பட்டு வந்தது. அங்கே தீப்பற்றிய காலங்களில் எழுந்த புகை அயற் குடியிருப்புக்களை வருத்திய செய்தியைப் பத்திரிகைகளிற் பலமுறை படித்திருக்கின்றோம். கலந்து கொட்டுதலின் கொடிய முடிவைக் கொழும்பு கண்டது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுப் பொழுதிலே, மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் மாண்டனர். பிரித்துக் கொடுத்தல் வேண்டும் என்னும் விதி அதன் பின்னரே இறுக்கமாயிற்று. உக்குவனவற்றிற்குப் பச்சை, தாளிற்கு நீலம், பிளாஸ்ரிக்கிற்கும் பொலித்தீனிற்கும் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்திற்குக் கபிலம் என மத்திய சுற்றாடல் அதிகாரசபை வகுத்த நிற ஒழுங்கு பாடசாலை வளவுகள்தோறும் காணப்படுகின்றது. நிறத்தை மாணவர் மனனஞ் செய்துவிட்டனர். எந்த நிறத் தொட்டியைத் திறந்தாலும் உள்ளே ஒரே காட்சியாக இருப்பதுதான் வியப்பு.

இதனை வகுப்பிலே எடுத்துக் கூறியபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நாங்கள் பிரித்துக் கட்டி வைத்தாலும் உழவியந்திரப் பெட்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே போடுகிறார்கள்?" என்றான். அவன் கூற்றிலே பொய்யில்லை. நானும் ஒரு காலைப்பொழுதிலே எங்கள் ஒழுங்கையில் அதனைக் கண்டு வெறுப்படைந்தவனே. மூன்று பைகளாகப் பிரித்து வைத்தவை மூன்றும் என் கண்முன்னே ஒரே குவியலில் விழுந்தன. அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் விடையிருக்கவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோது ஒன்று விளங்கிற்று. நம் வீடுகளிற் சேரும் குப்பையில் அரைப்பங்கிற்கு மேற்பட்டது உக்கும் பொருள். அதனை வண்டிக்குக் கொடாமல் வளவிலேயே நிறுத்திக்கொண்டால், எஞ்சியவை உலர்ந்த பொருள்கள். உலர்ந்த தாளும் போத்தலும் ரின்னும் ஒரு பெட்டியிற் சேர்ந்து விழுந்தாலும் அவற்றைப் பின்னர் பிரித்தெடுக்கலாம், ஒன்றையொன்று கெடா. ஈரத்தைப் பிரிப்பதொன்றே முதன்மையான பிரிப்பு. இதற்கு எந்தச் சபையின் உதவியும் வேண்டுவதில்லை. பெரிய வளவும் மரங்களும் உடைய நாம், அடுக்குமாடியில் வாழும் கொழும்புவாசியைப் போல மாம்பழத் தோலையும் வேப்பஞ் சருகையும் பையிற் கட்டித் தெருவில் வைத்தல் நகைப்பிற்குரியது.

ஆயின் வளவில் எவ்வாறு நிறுத்துவது? இங்கேதான் நம் பழைய வழக்கத்தைச் சிறிது திருத்தவேண்டியிருக்கின்றது. கிடங்கு வெட்டுதல் நம்மவர் பழக்கம். மண் ஆழமான நிலத்திற்கு அது பொருந்தும். இரண்டு மூன்றடியிற் கல் தென்படும் வளவிலே கிடங்கு என்பது கிணற்றிற்கு வெட்டிய வாய்க்காலே. பொலித்தீன் ஒன்றும் இடாமல் வெறும் இலைகுழையையே இட்டாலும், அழுகலிலிருந்து பிறக்கும் நைத்திரேற்று நீரோடு இறங்கும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிஞ்சினாற் போத்தற்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளும் அதற்குப் பெருங்காரணங்கள். குப்பைக் கிடங்கையும் நாம் அவற்றோடு சேர்க்கவேண்டியதில்லை.

ஆதலாற் கூட்டெருவை நிலத்தின் மேலே குவித்தலே குடாநாட்டிற்கு உகந்தது. மூன்று நான்கு முழ விட்டத்தில் கம்பிவலையாலோ பனைமட்டை வரிச்சாலோ ஒரு வளையம் அமைக்கலாம். மரநிழலில், கிணற்றிற்கு எட்டத்தில் அது இருத்தல் வேண்டும். அடியிலே தும்பும் தடித்த சருகும் ஒரு சாண் உயரத்திற்குப் பரப்புக. அதன்மேல் அடுப்படிக் கழிவு ஒரு கடகம் இட்டால், காய்ந்த சருகு இரண்டு மூன்று கடகம் இட்டு மூடுக. இவ்வளவிற்குக் காரணம் உண்டு. உக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு நைதரசன் ஒரு பங்கிற்குக் காபன் முப்பது பங்களவில் வேண்டும். காய்கறித் தோலிலும் மீன் கழிவிலும் நைதரசன் மிகுதி. சருகிலும் தும்பிலும் காபன் மிகுதி. சருகு குறைந்தால் நாறும். சருகு மிஞ்சினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இந்தூரிலே 1920களில் அல்பேட் ஹவாட் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி இந்திய உழவரின் வழக்கங்களை ஆராய்ந்து வகுத்த முறையின் அடிப்படையும் இதுவே. நம் உழவரிடம் கற்றதை அவர் நூலாக எழுதியபின்னர் நாம் அதனை மேனாட்டு முறை என்று கற்கின்றோம்!

குவியல் சரியாக அமைந்ததென்பதை அறிய நான்காம் நாள் உள்ளே கையை விட்டுப் பார்க்கலாம். சூடு தாங்காது கையை எடுக்க நேரும். வாரத்திற்கொருமுறை புரட்டி, வெயிற் காலத்தில் நீர் தெளித்து, மாரியிற் பழைய கிடுகால் மூடிவிட்டால் மூன்று மாதத்தளவில் மண் மணக்கும் எரு கிடைக்கும். தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, வாழையிலை, கிழிந்த பருத்தித் துணி ஆகிய யாவும் இடலாம். தேங்காய்ச் சிரட்டையும் ஊமலும் எளிதில் உக்கா, அவை அடுப்பிற்குரியவை. பழைய பனையோலையையும் கிடுகையும் தோட்ட மண்ணில் தாழ்த்துவது நம்மவர் கண்ட சிறந்த வழக்கம். மீன் செதிலும் குடலும் குவியலிற் போட்டால் நாயும் காகமும் வளவெங்கும் இழுத்தெறியும். தென்னையடியிலோ முருங்கையடியிலோ ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்தல் நன்று. எண்ணெய் மிகுந்த கறி, நோயுற்ற பயிர், நாய் பூனை மலம் ஆகியன குவியலிற் சேர்க்கத்தக்கன அல்ல. உக்கும் பை என்று அச்சிட்டு விற்கப்படுவனவற்றை நம்பி உள்ளே இடுதலும் ஆகாது. அவற்றுட் பல, ஆலைகளில் நீடித்த வெப்பத்தில் உக்குவதற்கென்று ஆக்கப்பட்டவை. வீட்டுக் குவியலில் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும்.

தாள், கண்ணாடி, உலோகம் ஆகிய மூன்றையும் பற்றி நீள எழுதவேண்டியதில்லை. பழைய இரும்பும் போத்தலும் வாங்குவோர் துவிச்சக்கர வண்டியில் ஒழுங்கைதோறும் கூவிவந்த நாள்கள் நம் நினைவில் உள்ளன. கொப்பித் தாள் கடைக்குப் போய்க் கடலைச் சுருளாகத் திரும்பியது. நான் திருத்திய விடைத்தாளையே ஒருமுறை கோவில் வீதியிற் கடலையோடு பெற்றேன், புள்ளி குறைவாகத்தான் இருந்தது. தாளில் எண்ணெயோ சோறோ பட்டால் அது கூட்டெருவிற்குரியது, தாட்கட்டிற்குரியதன்று. போத்தற் கண்ணாடியும் யன்னற் கண்ணாடியும் முகம்பார்க்கும் கண்ணாடியும் ஒரே சூட்டில் ஒரே வகையாக உருகா. ஆகவே போத்தலோடு மற்றவற்றைக் கலத்தல் தகாது. பழச்சாறு வரும் தாட்பெட்டி தாளைப் போலத் தோன்றினும் தாளும் பொலித்தீனும் அலுமினியமும் படைபடையாக ஒட்டப்பட்டது. அதனைத் தாளோடு சேர்ப்பவர் தாளையும் கெடுக்கின்றனர்.

பிளாஸ்ரிக்கிலே மயக்கம் பெரிது. போத்தலின் அடியிலே மூன்று அம்புகளாலான முக்கோணமும் அதனுள் ஓர் எண்ணும் இருக்கும். மீள்சுழற்சிக்கு ஏற்றது என்பதற்கு அது முத்திரை எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. 1988ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிளாஸ்ரிக் உற்பத்தியாளர் சங்கம் பிசின் வகையைக் காட்டுவதற்காக ஏற்படுத்திய இலக்கம் அது. ஒன்று முதல் ஏழு வரை செல்லும். தண்ணீர்ப் போத்தல் 1. ஷாம்பூப் போத்தல் பெரும்பாலும் 2. குழாய்க்கு உதவும் பீ.வீ.சீ. 3. மெல்லிய பொலித்தீன் 4. உறுதியான உணவுக் கலங்கள் 5. ரெஜிபோம் 6. மற்றைய யாவும் 7. இவற்றுள் 1, 2, 5 ஆகியவற்றைக் கழுவி உலர்த்திக் கொடுத்தால் வாங்குவோர் கிடைப்பர். கழுவுதல் இன்றியமையாதது, எச்சில் ஒட்டிய ஒரு யோகட் கோப்பை ஒரு சாக்கு முழுவதையும் நாறச் செய்யும். மழைநீர் தேங்கிய கோப்பை செய்யும் கேடு வேறு. டெங்குக் காய்ச்சல் தலைவிரித்தாடிய 2017ஆம் ஆண்டிலே இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் பீடிக்கப்பட்டனர். கோடிப்புறத்துக் கோப்பையும் சிரட்டையும் ரயரும் நுளம்பிற்கு வளர்ப்பிடமாயிருந்தன. பால்மாப் பக்கற்று, பிஸ்கற் உறை, சிறு சாச்செற்று ஆகியன பல படைகள் ஒட்டியவை. இவற்றைப் பிரித்தெடுக்கும் வழி நமக்கு எட்டியதாக இல்லை.

அரசு இதிலே வாளாவிருந்ததென்று கூறமுடியாது. 20 மைக்கிரோனுக்கு மெல்லிய பொலித்தீன் 2007இல் தடை செய்யப்பட்டது. உணவு சுற்றும் பொலித்தீன் தாளும் ரெஜிபோம் உணவுப்பெட்டியும் 2017 செப்டெம்பரிலும், உணவும் மருந்தும் அல்லாதவற்றை அடைக்கும் சிறு சாச்செற்றுக்கள் 2021இலும், ஒருமுறை பாவித்தெறியும் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழாய் முதலியன 2023 ஒக்ரோபரிலும் விலக்கப்பட்டன. விலக்கியவை கடையிற் கிடைக்கின்றனவா என்று ஆசிரியர் ஒருவர் மாணவரிடம் கேட்டாற் சிரிப்பே விடையாக வரும். நம் திருவிழா அன்னதானங்களும் தண்ணீர்ப்பந்தல்களும் நிகழும் வீதிகளை மறுநாட் காலையிற் பார்ப்போர்க்கும் அவ்விடை விளங்கும். வாழையிலையும், பனையோலையில் முடைந்த தட்டுவமும் பிளாவும் தெரிந்த ஊர் இது.

எரித்துவிட்டால் ஒழிந்துபோகும் என்பாரும் உளர். முற்றம் கூட்டிச் சருகைக் கொளுத்துதல் நம் வீடுகளில் மாலைக் கடன்களுள் ஒன்றுபோல ஆகிவிட்டது. சருகை எரித்தல் வீண். கூட்டெருவிற்கு வேண்டிய காபனையே எரிக்கின்றோம். பிளாஸ்ரிக்கை எரித்தல் தீங்கு. பீ.வீ.சீ. முதலியவற்றில் உள்ள குளோரீன் அடுப்படிச் சூட்டிலே டயொக்சின் என்னும் நச்சுப்பொருளாக மாறும். அது எளிதிற் சிதையாது, சாம்பலிலும் மண்ணிலும் தங்கிக் கோழி முட்டை வழியாகவும் பசுப்பால் வழியாகவும் நம்மிடம் திரும்பி வரும்.

இறுதியாக, எந்தக் கூடையிலும் எறிந்துவிட்டு மறக்கலாகாத சில பொருள்கள். வெடித்த மின்குமிழ்; இவற்றுள் சுருட்குழல் போன்ற வகையில் இரசம் உண்டு. பற்றரி, பழுதான கைபேசி, காலங்கடந்த மருந்து, கிருமிநாசினிப் போத்தல் ஆகியன தனியே ஒரு மூடியுள்ள கலத்தில் வைக்கத்தக்கன. மருந்தை மலசலகூடத்திற் கொட்டுதல் கிணற்றிற் கொட்டுதலுக்குச் சமானம். குழந்தைகளின் பம்பேர்ஸ் முதலிய உடற்கழிவுப் பொருள்களைத் தாளிற் சுற்றித் தனிப்பையில் அடையாளமிட்டுக் கொடுத்தல் வேண்டும். கிடங்கில் இட்டால் அவை உக்கா. நீரிழிவுக்கு ஊசி ஏற்றுவோர் அவ்வூசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலினுள் இட்டு மூடிவைக்க.

உடைந்த கண்ணாடியைப் பற்றி எழுதும்பொழுது எனக்கு நாணமாக இருக்கின்றது. எங்கள் வீட்டில் உடைந்த ஒரு தேநீர்க் குவளையைப் பையில் இட்டு வாயைக் கட்டிப் படலையடியில் வைத்தது நானேதான். அதைத் தூக்கிய தொழிலாளியின் உள்ளங்கை கிழிந்தது. கையுறை அவருக்கு இருக்கவில்லை. என் மனைவி மஞ்சளும் துணியும் கொண்டு ஓடினார். அவர் கோபித்தாரல்லர், "இது வழக்கந்தானே ஐயா" என்று மட்டும் கூறி, மற்றக் கையால் அடுத்த பையைத் தூக்கினார். ஒவ்வொரு நாளும் எத்தனை வீட்டுப் பைகளுக்குள் அவர் கை போகின்றது என்பதை அன்றுவரை நான் எண்ணியதில்லை. அதன் பின்னர் உடைந்த கண்ணாடியைக் காட்போட் பெட்டியில் இட்டு, ஒட்டி, மேலே கண்ணாடி என்று பெரிய எழுத்தில் எழுதி, அவர் வரும் நேரம் பார்த்துக் கையிற் கொடுக்கின்றோம்.

எங்கள் அறை கட்டி முடிந்தது. கல்வெடிப்பு அதன் கீழே அடைபட்டது. மாமரத்தடியிலே கம்பிவலைக் குவியல் இருக்கின்றது. அதிலிருந்து இரண்டு மாரிக்கு முன்னர் கிடைத்த எருவிலே கத்தரி நட்டோம். தாளும் போத்தலும் சாக்குகளிற் சேர்ந்து இரண்டு மாதத்திற்கொருமுறை விலைப்படுகின்றன. சபை வண்டிக்குக் கொடுக்கும் பை வாரத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அத்திவாரத்தில் எடுத்த பழைய மேற்படையோ இன்றும் ஐந்து சாக்குகளாகக் கோடிப்புறச் சுவரோடு அடுக்கியபடி கிடக்கின்றது. அதனுள்ளே சோறும் மண்ணும் பொலித்தீனும் பற்றரியும் இருபத்தைந்து ஆண்டுக் காலம் கலந்து கிடந்தன. எருவென்று வாழைக்கு இடவும் முடியவில்லை, பொருளென்று விற்கவும் முடியவில்லை. மழைக்கு முன் அச்சாக்குகளின்மேல் ஒரு தகரம் போட்டு மூடிவருகின்றேன்.